‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்தவரிடம் குழந்தையை ஒப்படையுங்கள்

பள்ளித் தேர்வுகள் நிறைவுறும் சித்திரை மாத நாட்களில், எங்கள் நுரையீரல் மருத்துவப் பிரிவின் புறநோயாளர் அறையில் அண்மைக் காலமாகப் புதியதொரு கோரிக்கை எழுகிறது. பரிசோதனை முடிந்து, மருந்துச் சீட்டும் எழுதப்பட்டு, குழந்தை இருக்கையை விட்டு எழுந்த பின்னர், தந்தையோ தாயோ கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டுகின்றனர். “அந்தமான் போகிறோம் டாக்டர். ஸ்கூபா செய்வதற்கு இதில் ஒரு கையெழுத்து வேண்டுமாம். சும்மா ஒரு சம்பிரதாயம்தான்.”

அது சம்பிரதாயம் அன்று. அதனை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுதல் நலம். குழந்தைகளைக் கடலுக்கு அழைத்துச் செல்வதற்கு நாங்கள் எதிரிகள் அல்லர். மருத்துவமனைப் படுக்கைகளுக்கும் மருந்துக் கடை வரிசைகளுக்கும் இடையே மாதங்களைக் கழித்த ஒரு குடும்பம், சென்னையிலிருந்து விமானமேறி, ஸ்ரீ விஜயபுரம் என இன்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேயரில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக் என்னும் சுவராஜ் தீவுக்குச் சென்று, தெளிந்த நீரில் பவளப்பாறைகளையும் வண்ண மீன்களையும் காண விழைவதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. எங்கள் கவலை வேறிடத்தில் இருக்கிறது. விடுதியைத் தேர்ந்தெடுக்கப் பெற்றோர் ஒரு வாரம் ஆராய்கின்றனர். விமானக் கட்டணத்தைப் பத்து முறை ஒப்பிடுகின்றனர். ஆனால் நீருக்கடியில் குழந்தையின் மூச்சுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனத்தை, விடுதி வாசலில் கிடைத்த துண்டுச் சீட்டைப் பார்த்தோ, ஐந்நூறு ரூபாய் குறைவு என்பதற்காகவோ தேர்ந்தெடுத்துவிடுகின்றனர்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த நம் முன்னோர், கல்லைக் காலில் கட்டிக்கொண்டு இறங்கும்போது, கயிற்றின் மறுமுனையைப் படகில் ஒருவர் பிடித்திருப்பார். இறங்குபவரின் உயிர், கயிறு பிடிப்பவரின் கவனத்தில் இருந்தது. இன்று சிலிண்டரும் ரெகுலேட்டரும் வந்துவிட்டன. ஆயினும் ஒரு குழந்தையைப் பொறுத்தவரை, கயிறு பிடிப்பவர் யார் என்னும் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

ஆழம் குறைவென்றால் ஆபத்தும் குறைவா?

“ஆழமாகவெல்லாம் போகமாட்டார்கள் டாக்டர், பத்தடி, பதினைந்தடிதான்” என்று பலரும் எங்களிடம் கூறுவதுண்டு. நீர்மூழ்கல் மருத்துவத்தின் அடிப்படையை அறிந்தால் இவ்வாறு ஆறுதல் கொள்ள இயலாது. கடல்மட்டத்தில் நம்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அது இருமடங்காகிறது. அங்கே சிலிண்டரிலிருந்து நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மூச்சை வெளிவிடாமல் மேலே வந்தால், தன் கன அளவில் இருமடங்காக விரிய முற்படும். இம்மாற்றத்தின் வீதம் மிக அதிகமாக இருப்பது ஆழ்கடலில் அன்று. மேற்பரப்பை ஒட்டிய முதல் சில மீட்டர்களில்தான். சிலிண்டர் காற்றைச் சுவாசித்தவர் நுரையீரல் நிறைந்த நிலையில் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்திலிருந்து எழுந்தாலே, நுரையீரல் திசு கிழிய வாய்ப்புண்டு. காற்றுக் குமிழ்கள் குருதியோட்டத்தில் கலந்து மூளையை அடைந்தால், நிமிடங்களுக்குள் அது பக்கவாதத்தை ஒத்த பேரிடராகிவிடும்.

ஆகவே ஸ்கூபாவின் முதல் விதி, ‘ஒருபோதும் மூச்சை அடக்காதே’ என்பது. பெரியவர் ஒருவர் இதனைப் புரிந்துகொண்டு கடைப்பிடிப்பார். முகமூடிக்குள் சிறிது நீர் புகுந்துவிட்டதும் அஞ்சும் ஒன்பது வயதுக் குழந்தை என்ன செய்யும்? மூச்சைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கிப் பாயும். அந்நொடியில் அருகிலிருந்து தடுத்து, கண்ணோடு கண் நோக்கி, மெல்ல மூச்சுவிடச் செய்ய வேண்டியவர் பயிற்றுநர் ஒருவரே. பெற்றோராகிய நாம் அப்போது ஏதும் செய்ய இயலாது.

குழந்தையின் உடலமைப்பும் கருதத் தக்கது. நுரையீரலின் நுண்ணறைகள் குழந்தைப் பருவத்தில் நெடுங்காலம் பெருகி வளர்கின்றன. நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் குழல் குழந்தைகளுக்குக் குறுகியும் கிடைமட்டமாகவும் இருப்பதால், செவியழுத்தத்தைச் சமன்செய்வது அவர்களுக்குக் கடினம். உடல் எடையோடு ஒப்பிடுகையில் தோற்பரப்பு அதிகமாதலால், அவர்கள் நீரில் விரைவாகக் குளிர்ந்துவிடுகின்றனர். இக்காரணங்களை எண்ணியே பயிற்சி அமைப்புகள் வயது வரம்பு வகுத்துள்ளன. 1966-இல் தொடங்கப்பட்ட ‘பாடி’ அமைப்பின் விதிகளின்படி, 8 வயது நிறைந்தோர் 2 மீட்டர் ஆழத்திற்கு மிகாத நீச்சல்குளம் போன்ற நீர்ப்பரப்பில் மட்டும் முயன்று பார்க்கலாம். கடலில் முதல் அனுபவ முக்குளிப்புக்குக் குறைந்தது 10 வயது நிறைந்திருத்தல் வேண்டும். ஆழம் 12 மீட்டரைத் தாண்டலாகாது. முறையான பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்ற சிறுவராயினும், 10, 11 வயதினர் பெற்றோருடனோ பாதுகாவலருடனோ தொழில்முறைப் பயிற்றுநருடனோதான் இறங்கலாம். அவர்களுக்கும் எல்லை 12 மீட்டர்தான். இவை குறைந்தபட்ச எல்லைகள். பத்து வயது நிறைந்ததனால் மட்டுமே ஒரு குழந்தை தகுதி பெற்றுவிட்டது என்று பொருளாகாது.

நாங்கள் செய்த பிழை

அறிவுரை கூறும் முன்னர் எங்கள் பிழையையும் ஒப்புக்கொள்ளுதல் நேர்மை. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தீவுக்கு நாங்கள் குடும்பத்தோடு சென்றிருந்தோம். மகளுக்கு அப்போது வயது பத்து. இரண்டு நாட்களாக மூக்கடைப்பு இருந்தது. முன்பணம் செலுத்தியாயிற்று, மறுநாள் கப்பல். காலை ஆறரை மணிக்குப் படகுத்துறையில், சக இளைஞர்கள் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டிருக்க, ஒருவர் உடல்நலப் படிவத்தை நீட்டினார். “எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று போட்டுவிடுங்கள் சார். ஒன்றில் ‘ஆம்’ போட்டாலும் டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள். இங்கே டாக்டருக்கு எங்கே போவீர்கள்?” என்றார்.

டாக்டர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த நாங்களும் ‘இல்லை’ என்றே குறித்தோம்.

மூன்று மீட்டர் ஆழம்கூட இறங்கியிராத நிலையில் மகள் காதைக் காட்டித் தலையசைத்தாள். பயிற்றுநரின் ஒரு கையில் ஒளிப்படக் கருவி இருந்தது. அவள் சைகையை அவர் கவனிக்கச் சிறிது நேரம் பிடித்தது. மேலே வந்தபோது முகமூடிக்குள் மூக்கிலிருந்து குருதி கசிந்திருந்தது. நல்வாய்ப்பாகச் செவிப்பறை கிழியவில்லை, சிவந்து வீங்கியிருந்தது. வலி அடங்க ஒரு வாரம் ஆயிற்று. “நீங்கள் டாக்டர்தானே, சளியோடு போகலாமா என்று உங்களுக்குத் தெரியாதா?” என்று அன்றிரவு அவள் கேட்டாள். அதற்கு இன்றுவரை எங்களிடம் விடையில்லை. நோயாளியின் பெற்றோர் ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்னும்போது நாங்கள் சினம் கொள்ளாததற்கு அந்தக் காலைப்பொழுதே காரணம். விடுமுறையின் அவசரம் எப்பேர்ப்பட்டவரையும் எங்கே கொண்டு நிறுத்தும் என்பதை நாங்கள் அறிவோம்.

எங்கள் கருத்து இதுதான்: உங்கள் குழந்தையைப் பார்த்து ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லும் துணிவும், அவ்வாறு சொல்வதனால் நட்டமடையாத விதிமுறையும் கொண்ட நிறுவனமே தேர்ந்தெடுக்கத் தக்கது. நட்சத்திர மதிப்பீடுகளும் அழகிய காணொளிகளும் அதற்குப் பின்னர்தான்.

முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை

இதனை எவ்வாறு அறிவது? தொலைபேசியில் கால் மணி நேரம் செலவிட்டால் போதும்.

முதலாவதாக, உடல்நலப் படிவத்தை எப்போது தருவார்கள் என்று கேளுங்கள். 2020-இல் திருத்தியமைக்கப்பட்ட பன்னாட்டு உடல்நல வினாப்படிவம் ஒன்று பரவலாகப் பயன்பாட்டில் உள்ளது. குறிப்பிட்ட வினாக்களுக்கு ‘ஆம்’ என்று விடையளித்தால், மருத்துவர் பரிசோதித்து ஒப்பமிட்ட பின்னரே நீரில் இறங்கலாம். நல்ல நிறுவனம் இதனை முன்பதிவின்போதே அனுப்பிவைக்கும். குழந்தையின் வயதையும் நோய்களையும் பணம் கேட்பதற்கு முன் கேட்கும். படகுத்துறையில் படிவம் நீட்டுவோர், நீங்கள் உண்மை எழுதுவதை விரும்பாதவர் என்றே கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, குழந்தை கடைசி நேரத்தில் மறுத்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். இது கஞ்சத்தனமான கேள்வியன்று. பணம் திரும்பாது என்றால், அழும் குழந்தையை ‘ஒரே ஒரு முறை, கண்ணு’ என்று கெஞ்சி நீரில் இறக்கப்போவது நாம்தான். அச்சத்தோடு இறங்கும் குழந்தையே மூச்சை அடக்கும் குழந்தை.

மூன்றாவதாக, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? அனுபவ முக்குளிப்பில் ஒருவருக்கு ஒருவர் என்னும் வழக்கம் நம் நாட்டில் பல இடங்களில் உள்ளது. குழந்தைக்கு அதனிற் குறைந்த ஏற்பாட்டை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. அப்பயிற்றுநர் குழந்தைகளோடு பணியாற்றிய பழக்கமுள்ளவரா, குழந்தைக்கு விளங்கும் மொழியில் பேசுவாரா என்றும் கேளுங்கள். அவருடைய உறுப்பினர் எண்ணைப் பெற்று, அவர் சார்ந்த பயிற்சி அமைப்பின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

நான்காவதாக, படம் எடுப்பவர் யார்? ஒளிப்படமும் காணொளியும் இலவசம் என்னும் விளம்பரம் இன்று எங்கும் உண்டு. குழந்தையைப் பிடிக்கும் கை வேறு, கருவியைப் பிடிக்கும் கை வேறாக இருத்தல் வேண்டும். தனியொரு படப்பிடிப்பாளர் இல்லையெனில் படமே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஐந்தாவதாக, குழந்தையின் அளவுக்குக் கருவிகள் உள்ளனவா? முகத்தில் பொருந்தும் சிறிய முகமூடி, சிறுவாய்க்கு ஏற்ற வாய்ப்பகுதி கொண்ட ரெகுலேட்டர், தோளிலிருந்து நழுவாத மிதவைச் சட்டை, குளிர்காக்கும் உடை, எடை குறைந்த சிலிண்டர் ஆகியவற்றைத் தனித்தனியே கேளுங்கள். பெரியவருக்கான மிதவைச் சட்டையைக் கயிறு கட்டி இறுக்கித் தருவது ஏற்பாடாகாது. சிலிண்டர்களின் சோதனைத் தேதி அவற்றின் கழுத்துப் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். அதனைக் காட்டச் சொல்லலாம். காற்றழுத்தப் பொறியின் உறிஞ்சுகுழல் வாகனப் புகைக்கோ ஜெனரேட்டர் புகைக்கோ அருகில் இருந்தால், சிலிண்டருக்குள் கார்பன் மோனாக்சைடு புகுந்துவிடும். அதற்கு மணமில்லை.

ஆறாவதாக, ஏதேனும் நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். படகில் மருத்துவ ஆக்சிஜன் உண்டா, அதனைக் கையாளப் பயின்றவர் எவர், மிக அருகிலுள்ள மறுஅழுத்த அறை எங்கே, தீவிலிருந்து அங்கே கொண்டுசெல்ல வழியென்ன, கடைசிக் கப்பல் புறப்பட்ட பின்னர் என்றால் என்ன செய்வது என்னும் கேள்விகளுக்குத் தடுமாறாமல் விடையளிப்பவர் இவற்றை ஏற்கெனவே சிந்தித்தவர். ‘இதுவரை ஒன்றும் ஆனதில்லை’ என்பது விடையாகாது.

ஏழாவதாக, முதலில் எங்கே பழக்குவார்கள்? நீச்சல்குளத்திலோ, நின்றால் கால் தரையில் படும் அமைதியான கரையோர நீரிலோ குழந்தை நிதானமாக மூச்சுவிடவும், முகமூடியிலிருந்து நீரை அகற்றவும், சைகைகளைக் காட்டவும் கற்ற பின்னரே பவளப்பாறையை நோக்கி நகர வேண்டும். ‘நீச்சல் தெரியாவிட்டாலும் கவலையில்லை’ என்னும் பலகையைப் பல கடற்கரைகளில் காண்கிறோம். முறையான சான்றிதழ்ப் பயிற்சிக்கு 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. ஒரு நாள் அனுபவத்திற்கு அவ்விதி இல்லாமலிருக்கலாம். ஆயினும் நீரில் முகம் புதைக்கவே அஞ்சும் குழந்தைக்கு நீச்சல் வகுப்புதான் முதல் விடுமுறைப் பரிசாக அமைய வேண்டும்.

நம் நோயாளிகளுக்குச் சில சொற்கள்

இவ்விதழை வாசிப்போரில் பலர் நெடுநாள் நோயோடு வாழும் குழந்தைகளின் பெற்றோர். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு மூச்சுக்குழாய்கள் சுருங்கியிருக்கையில், மேலெழும்போது விரியும் காற்று வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்ளும். உடற்பயிற்சியாலோ குளிராலோ மனக்கலக்கத்தாலோ இளைப்பு வருமெனில் ஸ்கூபா கூடாது என்பது, பிரிட்டிஷ் மார்பு மருத்துவச் சங்கம் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம். கடந்த 48 மணி நேரத்தில் நிவாரண இன்ஹேலர் தேவைப்பட்டிருந்தாலும் இறங்கலாகாது. கடல் இம்மூன்றையும், அதாவது உழைப்பையும் குளிரையும் கலக்கத்தையும், ஒருசேரத் தருவது. நோய் நன்கு கட்டுக்குள் உள்ள வளர்ந்த பிள்ளைகளுக்கு ஸ்பைரோமெட்ரியும் உடற்பயிற்சிச் சோதனையும் செய்து பார்த்தே முடிவு கூற இயலும். தானே நுரையீரல் சுருங்கி நெஞ்சறையில் காற்று நிறைந்த வரலாறு உள்ளோர், வலிப்பு நோய்க்கு மருந்து உண்போர், செவிப்பறையில் துளையோ குழாயோ உள்ளோர் ஆகியோருக்கு எங்கள் விடை ‘வேண்டாம்’ என்பதே. பிறவி இதயக்கோளாறு உள்ளோர் இதயநோய் மருத்துவரைக் காணாமல் முன்பணம் செலுத்த வேண்டாம்.

பெற்றோரும் தங்களை மறந்துவிடலாகாது. வயதுவந்தோரின் நீர்மூழ்கல் மரணங்களில் இதயநோய் முக்கியக் காரணங்களுள் ஒன்று. நாற்பதைக் கடந்து, இரத்த அழுத்தத்திற்கோ சர்க்கரைக்கோ மருந்துண்ணும் தந்தை, பிள்ளைக்குத் துணையாக இறங்குவதாயின் அவரும் பரிசோதனைக்கு வருதல் வேண்டும். தாயும் தந்தையும் ஒருங்கே இறங்கிவிட்டால், படகில் இருக்கும் இளைய குழந்தையைப் பார்ப்பவர் யார் என்பதையும் முன்னரே முடிவு செய்யுங்கள்.

பயணத்திட்டத்திலும் ஒரு கவனம் தேவை. அழுத்தத்தில் சுவாசித்த காற்றின் நைட்ரஜன் திசுக்களில் கரைந்து, மெல்ல மெல்லவே வெளியேறும். ஆதலால் ஒருமுறை மட்டும் முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரமும் விமானம் ஏறலாகாது. முக்குளிப்பைப் பயணத்தின் முதற்பகுதியில் வைத்து, சிறைச்சாலை அருங்காட்சியகத்தையும் கடைத்தெருவையும் இறுதி நாளுக்கு ஒதுக்கினால் இச்சிக்கல் எழாது.

இத்தனை கேள்விகள் கேட்டால் விடுமுறையின் மகிழ்ச்சி போய்விடாதா என்று ஒரு தாய் எங்களிடம் வினவினார். ஆயிரக்கணக்கானோர் இறங்கி நலமாகத் திரும்புகின்றனரே என்றார் உடனிருந்த கணவர். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. பெரும்பாலோர் நலமாகவே திரும்புகின்றனர். ஆயினும் கயிறு பிடிப்பவரின் தகுதி வெளிப்படுவது எல்லாம் நலமாக நடக்கும் நாளில் அன்று. நன்கு விடையளிக்கும் நிறுவனத்தைக் கண்டடைந்த பெற்றோர், கரையில் நிம்மதியாக நிற்கவும் இயலும். இறங்க வேண்டாம் என்று முடிவானால், மிதவைச் சட்டை அணிந்து மேற்பரப்பில் மிதந்தபடியே மீன்களைக் காணலாம். கண்ணாடித் தளப் படகும் உண்டு. அவற்றைக் கண்டு மகிழாத குழந்தையை நாங்கள் இதுவரை சந்தித்ததில்லை.

எங்கள் மகளுக்கு இப்போது பதினான்கு வயது. சென்ற ஆண்டு மீண்டும் செல்ல விரும்பினாள். இம்முறை படிவம் மூன்று வாரங்களுக்கு முன்பே வந்தது. முதல் நாள் காலை அவள் இருமியதைக் கேட்ட பயிற்றுநர், “நாளை மறுநாள் பார்ப்போம்” என்று கூறிப் படகை அவளின்றி அனுப்பினார். அன்று அவள் முகம் வாடியது. மூன்றாம் நாள் இறங்கினாள்.

நீங்களும் படிவத்தைப் பயணத்திற்கு மூன்று வாரங்களுக்கு முன்னரே எங்களிடம் கொண்டுவாருங்கள். பரிசோதனையின் முடிவில் அல்ல, தொடக்கத்திலேயே மேசைமீது வையுங்கள். ஒவ்வொரு வினாவையும் உங்களோடு அமர்ந்து படிக்கிறோம். ஒப்பமிட இயலாவிடில் காரணத்தைக் குழந்தைக்கும் விளங்குமாறு கூறுகிறோம்.